கழுவிவிட்டுத் தொடுங்கள்

முதலில் கட்டு ஈரமானது. பிறகு நாற்றம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவந்த என் கணவருக்கு மறுபடி உடம்பு கொதித்தது.

அவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். சர்க்கரை நோயால் புரையோடிய இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள்.

"புண்ணுல புதுக் கிருமி ஏறியிருக்கு. பரவினா முட்டிக்குக் கீழ எடுக்கணும்," என்றார் பெரிய டாக்டர். மருத்துவமனைத் தொற்று (சிகிச்சைக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமி) என்று அதற்குப் பெயர். எப்படி வந்தது என்று கேட்டேன். "பெரும்பாலும் கை வழியாதான்." யார் கை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். சுவரெல்லாம் கை கழுவும் படம். கட்டிலில் தொங்கிய கிருமிநாசினிப் புட்டியோ காலி. இளம் டாக்டர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் புண்ணைப் பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார்.

"டாக்டர், கை கழுவிட்டுத் தொடுங்க."

"கிளவ்ஸ் போட்டிருக்கேன் லா, ஆன்டி."

"அதே கிளவ்ஸ்லதானே அங்க தொட்டீங்க?"

முறைத்துக்கொண்டே கழற்றிப் போட்டார். படித்தவருக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து நாத்தனார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் கம்பியைப் பிடித்தபடி வந்தவர், தம்பி நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, காலிலிருந்த கட்டை அமுக்கிப் பார்க்கப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, கழுவிட்டு வாங்க."

"என் தம்பியத் தொட நான் கை கழுவணுமா? நான் தொட்டா தீட்டா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல் நம் சனத்துக்கு எங்கே குத்தும் என்று எனக்கும் தெரியும்.

"தீட்டு இல்லக்கா, கிருமி. நானும் கழுவிட்டுத்தான் தொடுறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அந்த வீட்டில் இன்று ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

புண்ணை மறுபடி அறுத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு விரல் போயிற்று, கால் தப்பியது. நோயாளிக்குத் துணையிருக்கப் போகிறவர்களே, அங்கே நல்ல பெயர் எடுக்கப் பார்க்காதீர்கள். சண்டைக்காரி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

யார் கை என்பது இன்றுவரை தெரியாது. அதனால் எல்லார் மேலும் கோபம் இருக்கிறது, என் கைமேலும்தான். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. காலை, மாலை என்று எனக்குப் பொழுது போவதில்லை. ஒருமுறை கழுவியதிலிருந்து அடுத்த முறைக்குப் போகிறது.

நேற்று வீட்டில் நாற்காலியிலிருந்து எழுவதற்கு அவர் கை நீட்டினார். நான் குழாயடிக்குப் போனேன்.

"புண்ணுதான் ஆறிடுச்சேம்மா. கையக் குடு."

சோப்பு வெடிப்பில் எரிந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் சுவரைப் பிடித்துத் தானே எழுந்து நின்றிருந்தார்.