அடுப்பில் குறையில்லை

1. முதல் தீ

கண்ணமங்கலத்தில் எனக்கு வெல்டிங் பட்டறை. புகைபோக்கி வைத்த பெரிய விறகடுப்புகளை முப்பது வருஷமாகச் செய்கிறேன். கல்யாண மண்டபம், ஓட்டல், விடுதி என்று மலைக்குக் கீழே நான் பொருத்தாத இடமில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது ஜவ்வாது மலையில் எப்படி இறங்கியது என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

காவலூருக்கு அப்பால் ஒரு பெண்கள் விடுதி. எண்பது பிள்ளைகள். அங்கே சமையல்காரர் ரோசலி. கணவர் இல்லை, அவர் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. பதினாறு வருஷம் திறந்த அடுப்பை ஊதி ஊதி அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இனி புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் என்னை வரவழைத்தார்கள்.

வார்டன் அம்மா நேராகவே பேசினார். "இந்த அடுப்பு சரியா வந்தா ரோசலி இருப்பாங்க மேஸ்திரி. இல்லைன்னா என்னால அவங்கள வெச்சிக்க முடியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

வெளியே இரும்புக் கூடு, உள்ளே சூடு தாங்கும் ஃபயர் பிரிக் செங்கல், கூரையைத் தாண்டி மூன்றடி நீளும் பைப். இப்படிப்பட்ட புது அடுப்பை எடுத்த எடுப்பில் முழுத் தீயில் எரிக்கக் கூடாது. உள்பூச்சில் ஈரம் இருக்கும். சட்டென்று சூடேறினால் பிளந்துவிடும். முதல் நாள் சுள்ளி மட்டும், அரை மணி நேரம். பிறகு ஆறவிட வேண்டும். மறுநாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் விரல் கனத்தில் கட்டை. நான்காம் நாள்தான் உலை. பெயிண்ட் கருகும் நாற்றம் போகும்வரை ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரோசலி ஒரு பெரிய குண்டான் நிறையப் பாலோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது?"

"புது அடுப்பாச்சே. பால் பொங்க வேணாமா?"

"சுள்ளித் தீயில இது எங்க பொங்கறது? சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."

"பொங்காம வுட்டா நல்லா இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

பேசிப் பேசி ஒரு டம்ளர் பாலுக்கு இறங்கி வந்தார். சிலுவை போட்டுக்கொண்டு சுள்ளியைப் பற்றவைத்தார். அந்த ஒரு டம்ளர் பாலும் பொங்கி வழிந்தது. ஐந்தாம் நாள், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, "மேஸ்திரி, எனக்குக் கண்ணு எரியல" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

2. ரிப்போர்ட்

ஆறு வாரம் கழித்து, மழையும் பனியுமான நாட்களில் வார்டன் போன் செய்தார். அடுப்பு புகைகிறது. ரோசலி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்.

போய்ப் பைப்பைக் கழற்றினேன். உள்ளே தார் மாதிரி கருப்பாக ஒட்டிக்கிடந்தது. ஈர விறகு எரித்தால்தான் அப்படி ஆகும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

"பச்ச விறகு வெச்சா எந்த அடுப்புதான் எரியும்?"

"அதே விறகுதாங்க. அதே பரண்லதான் ஏத்தறோம். பதினாறு வருசமா அப்படித்தான்."

"அப்ப அடுப்பு பொய் சொல்லுதா?"

பைப்பைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, சர்வீஸ் நோட்டில் எழுதினேன்: 'அடுப்பில் குறையில்லை. சமையல்காரர் ஈர விறகு பயன்படுத்துகிறார்.' கையெழுத்தும் போட்டேன்.

வார்டன் அதைப் படித்தார். ரோசலியைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். "உங்க உயிரு முக்கியம் ரோசலி" என்றார்.

ரோசலி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பஸ்ஸுக்கு நேரமிருக்குது. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

3. பரண்

டீக்கு விறகு எடுக்க ஸ்டூலில் ஏறினார். அடுப்புக்கு நேர்மேலே பழைய பரண், அதில்தான் விறகு அடுக்கியிருந்தது. கட்டையை உருவியபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "முன்னெல்லாம் இதுல கைய வெச்சா சுடும். இப்ப சில்லுனு கீது."

அவர் இறங்கியதும் நானும் ஏறிக் கையை வைத்தேன். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். காய்ந்த கட்டை கணீரென்று கேட்கும். இவை தொப்தொப்பென்றன.

பழைய அடுப்பின் சூடும் புகையும் நேராகப் பரணுக்குத்தான் போயின. பனிக்காலத்தில் விறகைக் காயவைத்ததே அதுதான். அதைப் பைப் போட்டு வெளியே அனுப்பிவிட்டேன். முன்பே காய்ந்திருந்த விறகு தீரும்வரை அடுப்பு நன்றாக எரிந்தது. அதன்பின் ஏற்றிய விறகு காயவே இல்லை. மலைக்குக் கீழே அந்த வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும், எனக்கு யோசிக்க வேண்டியிருந்ததில்லை. ரோசலியை முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வெட்கமாக இருந்தது.

அன்று பஸ் ஏறவில்லை. மறுநாள் ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்ட் அடித்து, பைப்பைச் சுற்றி ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். ஒட்டி வைத்தால் விறகு பற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த நாட்களுக்கான விறகு இனி அதில் காயும். காலையில் பைப் குளிர்ந்து கிடந்தால் அதன் அடிக்கதவைத் திறந்து ஒரு தாளைக் கொளுத்த வேண்டும், பைப் சூடாகிப் புகையை மேலே இழுக்கும் என்றும் காட்டினேன்.

பிறகு நோட்டை வாங்கி, எழுதியதை அடித்தேன். கீழே எழுதினேன்: 'குறை, அடுப்பைப் பொருத்தியவர் மீது. விறகு காய அவர் வழி செய்யவில்லை. சமையல்காரர் மீது தவறில்லை.' முப்பது வருஷத்தில் என்மேல் நானே எழுதிக்கொண்ட ஒரே புகார் அது.

வார்டன் படித்துவிட்டு, "சரி, ரோசலி இருக்கட்டும். புகை வராம ஓடட்டும், பார்க்கலாம்" என்றார்.

நோட்டை ரோசலியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"சந்தோசங்க. ஆனா நேத்து எல்லார் எதிர்லயும் சத்தம் போட்டீங்க. இத நோட்டுல மட்டும் எழுதிட்டுப் போறீங்களே?"

மதியம் எண்பது பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் நின்றபோது, நோட்டில் எழுதியதை உரக்க வாசித்தேன். வாசித்து முடித்ததும் ரோசலி கரண்டியை எடுத்துக்கொண்டு முதல் தட்டில் சோறு போட ஆரம்பித்தார். இன்றும் அங்கே அவர்தான் சமைக்கிறார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் அளவு டேப்பை எடுக்கும் முன் பழைய அடுப்பில் ஒரு வேளைச் சமையல் முடியும்வரை உட்கார்ந்து பார்க்கிறேன். சமைப்பதைத் தவிர இந்த அடுப்பு வேறென்ன வேலை செய்கிறது என்று, அதை எரிக்கிறவரைக் கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.