தலைக்கு மேல் ஒரு கேரியர்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் எங்கள் வாசல் முழுக்க நனைந்த தார்ப்பாயின் வாசனைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் பழ வியாபாரத்துக்காக வாப்பா ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்துப் பிக்கப் அங்கே நின்றது. பின்னால் திறந்த தொட்டி, அதற்கு மேல் இரும்பு வளையங்களில் விரித்த தார்ப்பாய். தெருவில் அதற்குப் பெயர் "பொடி லாரி", அதாவது குட்டி லாரி. வாப்பா அதில் பழம் ஏற்றிய நேரத்தைவிட அதைச் சிங்காரித்த நேரம் அதிகம். ஊரைக் கூட்டும் ஹாரன், மஞ்சள் விளக்கு என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே இருப்பார். "எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாரு" என்பாள் உம்மா.

ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, செங்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்த வருடம், உடைப்புக்குப் போன ஏதோ பஸ்ஸின் கூரைக் கேரியரை வாங்கி வந்து, தார்ப்பாய் வளையங்களின் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார். கட்டிலும் பீரோவும் அண்டாவும் மேலே போகும், கல்யாணப் பெண்ணும் பெண்டு பிள்ளைகளும் கீழே தொட்டியில் போவார்கள், ஒரே நடையில் காரியம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பீரோ எம்புள்ள தலைக்கு மேலயா வரும்? முதல்ல தண்ணிக் குடத்த ஏத்தி ஓட்டிக் காட்டுங்க. தளும்பாம வந்தாப் பாப்போம்" என்றாள்.

குடங்களில் கழுத்தளவு தண்ணீர் ஊற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு, வாப்பா குற்றாலம் வரை போய்த் திரும்பினார். இறக்கிப் பார்த்தால் விளிம்பு வரை தண்ணீர். "பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல" என்றார். உம்மா குடத்தைப் பார்த்தாள், தொப்பலாக நனைந்து நின்ற அவரையும் பார்த்தாள்.

"கழுத்தளவுதான ஊத்துனேன்? போனதவிடக் கூடுதலா வந்திருக்கே, இது என்ன அவுலியா காட்டுன கராமத்தா, அற்புதமா? சாரல் ரொப்பிக் குடுத்த குடத்தக் கொண்டாந்து எங்கிட்ட காட்டுதீங்களே."

தெருவே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். ஆனால் கேரியரைக் கழற்ற மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. அவற்றைக் கேரியரில் ஏற்றச் சொன்ன உம்மா, வாப்பாவைப் பார்த்து, "நீங்க உள்ள போய் எம்புள்ள உக்காரப்போற இடத்துல உக்காருங்க" என்றாள். நானும் ஏறப் போனேன்; பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். முதல் மூட்டை ஏறியதும் வளையம் முனகியது. அடுத்தது ஏறியதும் அது மெல்ல வளைந்து அவர் தொப்பியைத் தொட்டது. அத்தனை நாளும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிய மனிதர், தொட்டியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது அன்றுதான்.

"எறக்குங்கலே எல்லாத்தையும்" என்று தவழ்ந்து வெளியே வந்தவர், வளைந்த இரும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு உம்மாவிடம், "துணியத் தாங்கப் போட்ட வளையம். நான் அது மேல வீட்டையே ஏத்தப் பாத்திருக்கேன்" என்றார்.

மறுநாளே பட்டறையில் கேரியருக்குத் தனிக் கால்கள் வைத்து, தொட்டியின் தரையைத் துளைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு கனத்த பட்டை கொடுத்து முடுக்கினார்கள். மூட்டைகளை மறுபடி ஏற்றி, வாப்பா மறுபடி கீழே உட்கார்ந்தார். ஒன்றும் அசையவில்லை. அப்படியும் பீரோவை மேலே ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. அது மாட்டுவண்டியில் போயிற்று.

கல்யாணம் முடிந்து புறப்பட்ட அன்றும் சாரல். மேலே கட்டிலும் பாத்திரங்களும், நேர் கீழே ராத்தாவும் அவளை அணைத்தபடி உம்மாவும், பக்கத்தில் நானும். பிரானூர் தாண்டும் முன் பின்னாலிருந்து பேச்சுச் சத்தமே வராததால் பயந்துபோன வாப்பா, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்து தார்ப்பாயை விலக்கினார். பல நாள் அலைச்சலில் உம்மா வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் மழையிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அந்தச் சாலையின் மரங்களில் பாதி இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. இன்று பிக்கப்புக்கு வேண்டியதெல்லாம் கடையில் அளவெடுத்தாற்போல் கிடைக்கிறது. பிள்ளைகளும் உள்ளே வார் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள், நல்ல காலம்தான். ஆனாலும், தலைக்கு மேல் இருந்த சுமையின் பயத்தையெல்லாம் விட்டு ஒருத்தி உறங்கிப்போகும்படி ஒரு வண்டியைத் திருத்திக்கொண்ட மனிதரின் மகள் நான் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.