இடது கையால் எழுதிய வலைப்பக்கம்

ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப்பெட்டி ஓடும் வாசனை வந்தால் இன்றும் என் கண் நிறைகிறது. அந்த வாசனைக்குள்தான், அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவுக்குப் பதில் வந்தது.

போன ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் என் வலது கையைச் சாய்த்தது. வடிவமைப்பாளர்கள் வரைந்து அனுப்பும் படத்தை, திறந்தால் இயங்கும் வலைப்பக்கமாக எழுதித் தருவதுதான் இருபது வருடமாக என் வேலை. சூரமங்கலம் வீட்டில் இடது கை விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். அல்லாஹ்வே, இனி நான் யாருக்கும் பயன்பட மாட்டேனா? தொழுகையில் இது ஒன்றையே கேட்டேன்.

சங்ககிரியிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளைத் தன் வேனில் சேலத்துக்குக் கூட்டிவரும் குப்புசாமி ஐயா, பழைய பழக்கத்தில் என்னை நம்பி வேலை கொடுத்தார். ஒரே பக்கம், அதில் ‘வண்டி வேண்டும்’ என்றொரு பொத்தான். பதினொரு நாளில் முடித்தேன். கணினியில் படத்துக்கும் பக்கத்துக்கும் இம்மி வித்தியாசமில்லை. பெருமையாக அனுப்பினேன்.

ஐயா கூப்பிட்டார். அவர் போனில் பொத்தானையே காணோமாம். பார்வை மங்கியவர், எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். வரிகள் தமக்கு ஒதுக்கிய பெட்டியை மீறி வழிந்து பொத்தானை மூடிவிட்டன. நோயாளிகள் பலருடைய போனும் அப்படித்தானே இருக்கும் என்று கேட்டார். நாளைக்கு நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். வேறு ஆள் பார்த்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

மாலை அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே கிடந்து அழுதேன். எழுந்தபோது, வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் என் மனைவி நூர்ஜஹான், தைத்ததை இஸ்திரி போட்டபடி என்ன கோளாறு என்று கேட்டாள். படத்தில் இருந்த உயரம், அகலம் எதையும் மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறேன், எங்கே தப்பென்று புரியவில்லை என்றேன்.

அவள் சிரித்தாள். “அளவெல்லாம் சரிதாங்க. போட்டுக்கறவங்க மூச்சு விட வேணாமா?”

கணினி முன் போய் உட்கார்ந்தேன். பெட்டிகளுக்கு நான் விதித்திருந்த உயரங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். எழுத்து பெருத்தால் பெட்டியும் பெருத்தது. பொத்தான் தானே கீழே இறங்கி நின்றது. சுப்ஹானல்லாஹ்.

கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. என் பயம் போய்விட்டது. இப்போது எந்தப் பக்கத்தையும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. சகோதரர்களே, சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள். பதில் யார் வாய் வழியாக வரவேண்டும் என்று மட்டும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பக்கத்தைச் சரிசெய்த மறுநாள், சொன்னபடி ஐயா வந்தார். என் எதிரிலேயே பொத்தானை அழுத்தினார். வெளியே வேனில் இருந்த டிரைவரின் போன் மணியடித்தது. கிளம்பும்போது நான் இடது கையை நீட்ட, அவர் என் வலது கையைத்தான் எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“அடுத்த பக்கமும் உங்களுக்குத்தானுங்க பாய். மெதுவாவே பண்ணுங்க. நான் போயிட்டு வாரேனுங்க.”