ஃபோனில் வந்த கரியாலூர் ஆடு

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கரியாலூர் வழியாகப் போகும் வெள்ளிமலைப் பேருந்து என் கண்ணெதிரேயே கிளம்பிப் போனது. அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று நேரம் சொன்னார்கள். காத்திருக்கும் குணம் எனக்குக் கிடையாது. வெளியே நின்ற வாடகைக் காரைப் பேசினேன். நாற்பது கிலோமீட்டர் மலையேறி, கரியாலூரில் அருவி பார்த்துத் திரும்ப இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் செல்வராசு, ஊர் எலவனாசூர்கோட்டை. குடும்பத்தில் எல்லோரும் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள், ஸ்டியரிங் பிடித்தது தான் ஒருவன்தான் என்று கச்சிராயபாளையம் வருவதற்குள் சொல்லிவிட்டார்.

எட்டரை மணிக்குக் கோமுகி அணை. கரையில் நின்று பத்துப் பதினைந்து படம் எடுத்துத் தள்ளினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வராசு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், ஃபோன்ல போட்டோ தானா அழிஞ்சி போவுமா?"

"தானா எல்லாம் போகாது. யாராவது அழிச்சாத்தான் போகும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அவதான்" என்றார்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. அவருடைய அப்பா மாசியில் இறந்துபோனார். ஸ்டுடியோ பக்கமே போகாத மனிதர். இருந்த படமெல்லாம் செல்வராசின் ஃபோனில் எடுத்தவைதான். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன.

"என் போட்டோவும் போவுது. ஆனா பொண்டாட்டி போட்டோ இருக்குது, பாப்பா போட்டோ இருக்குது. ஃபோனு கெட்டுப் போயிருந்தா எல்லாந்தான மேடம் போவணும்? கவிதாவுக்கும் எங்கப்பாவுக்கும் ஆவாது. நீதான அழிச்சன்னு கேட்டுட்டேன். புள்ளைய தூக்கிக்கினு சங்கராபுரத்துல தாய்வூட்டுக்குப் போயிட்டா. பத்து நாளா பேச்சு இல்ல."

ஃபோனை நீட்டினார். ஒரு வயதுக் குழந்தை சிரிக்கிறது. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த கை. கைக்குரிய ஆள் படத்தில் இல்லை. "எங்கப்பா மடியில எடுத்தது. இதுல அவரையே வெட்டிட்டு வச்சிருக்கா. படம் போட்டு மாட்டக்கூட ஒண்ணு இல்ல" என்றார். எனக்கே அந்தக் கவிதாவின் மேல் கோபம் வந்தது. கண்ணால் பார்க்காத பெண்ணின் மேல் கோபப்பட எனக்கு அதிக நேரம் ஆவதில்லை.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நடுநடுவே மரவள்ளிக் காடு, பலாப்பழம், நீலச் சுவர், ஒற்றைக் கொம்பு ஆடு. ஆடுதான் அதிகம்.

"இதெல்லாம் யாரு எடுத்தது?"

"அது நெட்டுலேந்து வர்றது மேடம். எல்லாருக்கும் வரும்னு நெனச்சேன். கவிதா டெய்லி இந்த ஆட்டப் பாத்துக்கினு இருப்பா."

எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகள். நான் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி வந்தேன்.

பத்து மணிக்குக் கரியாலூர். காற்றில் குளிர் இருந்தது. டீக்கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்திய செல்வராசு இறங்கவில்லை.

"மேடம், இந்த ஆட்டை எனக்குத் தெரியும்" என்றார்.

நீலச் சுவர். அதன் அடியில் ஒற்றைக் கொம்பு ஆடு பலாச் சக்கையைத் தின்றுகொண்டிருந்தது. கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தார். அதாவது, செல்வராசைப் பார்த்தார். ஆற்றிய கை நின்றுவிட்டது.

"நீங்க பாப்பாவோட அப்பாதான?"

அவர் பெயர் அஞ்சலை. பிறந்த ஊர் சங்கராபுரம் பக்கம். போன தீபாவளிக்குத் தாய்வீடு போனபோது அங்கே ஒரு கடையில் ஃபோன் வாங்கியிருக்கிறார். அதே தீபாவளிக்கு மாமியார் வீடு போன செல்வராசும் அதே கடையில்தான் வாங்கியிருக்கிறார். மெயில் ஐடி கேட்டார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. 'நானே போட்டுத் தரேன்' என்று கடைக்காரர் இருவருக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பீரோ. எடுக்கிற படமெல்லாம் தானாக அதற்குள் போகும். ஒருவர் தூக்கிப் போட்டால் மற்றவருக்கும் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு ஒரு மாதிரிங்க" என்றார் அஞ்சலை, குரலைத் தாழ்த்தி. "யாருடி இந்த ஆம்பளன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? அதான் ஆம்பள போட்டோ வந்தா அழிச்சிடுவேன். பெரியவரு மடியில பாப்பா இருந்துதா, அத அழிக்க மனசு வரல. அவர வெட்டிட்டு பாப்பாவ வச்சிக்கினேன். உங்க அப்பாருங்களா அண்ணே? தெரியாம பண்ணிட்டேன்."

செல்வராசு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அஞ்சலையின் ஃபோனை வாங்கினேன். அழித்த படங்கள் இரண்டு மாதம்தான் ஃபோனின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். செல்வராசின் படங்கள் சில கிடைத்தன. அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கெடு தாண்டிப் போய்விட்டன. மிச்சம் அந்த வெட்டிய படம்தான். திறந்து, செய்த மாற்றத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு கைக்கு மேலே தோள் வந்தது, துண்டு வந்தது, பேத்தியைக் குனிந்து பார்த்துச் சிரிக்கும் ஒரு முகம் வந்தது. முன்பல் இரண்டு இல்லை.

செல்வராசு ஃபோனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அஞ்சலை யாரும் கேட்காமலே மூன்று டீ போட்டார்.

செல்வராசுக்கென்று தனிக் கணக்கு திறந்து, முதல் வேலையாக அந்தப் படத்தை அதில் ஏற்றினேன். அஞ்சலை எட்டிப் பார்த்தபடி நின்றார். "அப்ப பாப்பா போட்டோ எனக்கு இனிமே வராதுங்களா? பல்லு மொளைச்சதுலேந்து பாத்துக்கினு இருக்கறேன்" என்றார். நான் செல்வராசைப் பார்த்தேன்.

"வூட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று செல்வராசு கவிதாவை அழைத்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"நீ இல்ல கவிதா. அழிச்சது நீ இல்ல. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்." பிறகு ஆடு, நீலச் சுவர், கடைக்காரர் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சிக்னல் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அந்த ஒத்தக் கொம்பு ஆடா?" என்றது குரல். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. "வயிறு பெருசா இருந்துச்சே. குட்டி போட்டுச்சான்னு அந்த அக்காவக் கேளு."

"ரெண்டு போட்டுச்சிம்மா" என்று அஞ்சலையே ஃபோனுக்குள் சொன்னார். "உள்ள கட்டியிருக்கறேன். போட்டோ எடுத்து வுடறேன்."

பாப்பா படங்கள் மட்டும் அஞ்சலைக்கும், ஆட்டுப் படங்கள் கவிதாவுக்கும் போகும்படி செய்து கொடுத்தேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அஞ்சலை. அருவிக்கும் போனோம். தண்ணீர் குறைவு. படம் எடுக்கத் தோன்றவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சி. என்னை இறக்கிவிட்டு நேரே சங்கராபுரம் போகிறார் செல்வராசு. மாமியார் வீட்டுக்கு ஒரு கிலோ ஜிலேபி வாங்கி முன்சீட்டில் வைத்திருந்தார். வாடகையைக் கொடுக்கும்போது கேட்டார்.

"உங்க போட்டோவும் இப்படித்தான் தானா மேல ஏறுதா மேடம்?"

"ஆமாம். பன்னிரண்டாயிரம் படத்துக்கு மேல இருக்கு."

"அவ்ளோவா? யாரு பாக்கறாங்க?"

"பத்திரமா இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். சென்னைப் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான், அவர் கேட்டது அது இல்லை என்று உறைத்தது.