இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே என் குவார்ட்டர்ஸ்

சர்வதேச அரசியல் பற்றி ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பகை நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன நாட்டைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம். வாசிக்க வாசிக்க என் குவார்ட்டர்ஸ்தான் நினைவுக்கு வந்தது.

இடப்பக்க வீட்டில் செல்வி அக்கா, வலப்பக்க வீட்டில் மாலதி. கார் நிறுத்தும் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, காபி குடித்துக்கொண்டே புலம்புவார்கள். நெய்வேலிக்கு மாற்றலாகி வந்து தனியாக இருக்கும் என் கதவை வேறு யார் தட்டப்போகிறார்கள்?

இன்று மார்க்கெட்டில் பார்த்தால், இருவரும் ஒரே ஸ்கூட்டரில்!

"என்னக்கா, சமாதானமா?" என்றேன்.

"எவ்ளோ நாளுதான் மூஞ்ச தூக்கி வச்சிகினு இருக்கறது? இப்பல்லாம் வாக்கிங்கே ஒண்ணாதான் போறோம்" என்றார் செல்வி அக்கா.

"உனக்கும் இனிமே தொந்தரவு இல்லப்பா. நிம்மதியா புக் படிக்கலாம்" என்று சிரித்தாள் மாலதி.

வீட்டுக்கு வந்து அத்தியாயத்தின் மிச்சத்தை வாசித்தேன். போர் முடிந்ததோடு அந்தச் சின்ன நாடும் புத்தகத்திலிருந்து காணாமல் போயிருந்தது.

உங்கள் பிளாக்கில் யாருக்காவது சண்டை என்றால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். காபி நன்றாகவே போடுவேன்.