இரவல் கொடுக்க முடியாத புத்தகம்

கனகவல்லி வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றால்கூட மூன்று கொட்டேஷன் வேண்டும். கணவர் பாலசுப்ரமணியனுக்கு ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய பொதுத்துறைத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை. இருபத்தெட்டு வருஷமாக நட்டும் போல்ட்டும் வாங்கி வாங்கி, மனுஷனுக்கு நேராகக் கடைக்குப் போய்க் கையை நீட்டி ஒரு பொருளைக் காட்டும் வழக்கமே விட்டுப் போயிற்று. முழு நீளத் தாளில் கோடு போட்டு ‘கம்பேரடிவ் ஸ்டேட்மென்ட்’ தயாராகும். விவரம், சாதகம், பாதகம், குறிப்பு என்று நாலு கட்டம். எதையாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாக வேண்டும். மகள் வர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இப்படித்தானா என்று கேட்டால் கனகவல்லி சிரிப்பாளே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டாள்.

2011-இல் அந்த வீட்டில் போட்ட கடைசிப் பெரிய ஸ்டேட்மென்ட், ஈ-ரீடருக்கு. அதைக் கேட்டவள் கனகவல்லிதான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் ஆவணப் பிரிவு. காலை ஏழே முக்காலுக்கு முனையில் ஆபீஸ் பஸ் ஏறினால் கேட்டில் இறங்க ஒன்றேகால் மணி நேரம். சமையலும் கட்டுச்சாதமும் துணியும் இல்லாத நேரம் அவள் நாளில் அது ஒன்றுதான். இருபது வருஷம் அதில் படித்தே தீர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகம் அள்ளுவாள். சொந்த ஊருக்குப் போய்வரும்போது தமிழ்ப் புத்தகங்கள் கனத்தில் சூட்கேஸ் கைப்பிடி பிய்ந்துவிடும். கொலைக் கதை என்றால் சாம்பாரில் உப்புப் போட மறப்பாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை ரோஸ்லினுடையது. ஆய்வகத்து ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி, ஆய்வகத்து கேட்டுக்கு வெளியே, ஒரு ஸ்டாப் முன்னால். ரோஸ்லின் மாரெட்பள்ளியில் வளர்ந்தவள். அவள் தமிழில் பாதிக்குப் பாதி இந்த ஊர் உருதுப் பேச்சு கலந்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி ஸ்டாப்பில் புத்தகம் கைமாறும்: இவள் முடித்தது அவளுக்கு, அவள் முடித்தது இவளுக்கு. இருபது வருஷத்தில் அந்த வெள்ளிக்கிழமை தவறியது பந்த் நாட்களில் மட்டும்தான்.

அப்புறம் கண் காலை வாரிவிட்டது. விழித்திரையில் ஏதோ பழுது. வரியின் நடுவில் இருக்கும் எழுத்துகள் கரைந்து ஓடும். ஊசி போட்டு அதை அங்கேயே நிறுத்திவிட்டார் டாக்டர். பெரிய எழுத்தாக இருந்தால் தாராளமாகப் படியுங்கள் என்றும் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிசாக்கி வேலையை ஒப்பேற்றினாள். ஆபிட்ஸ் புத்தகங்களை யார் பெரிசாக்கித் தருவது? இரண்டு வருஷம் அவள் ஒரு புத்தகத்தைக்கூட முடிக்கவில்லை. வெளியே சொல்லவில்லையே தவிர, உள்ளுக்குள் அழுதாள்.

ரோஸ்லின் தன்னாலானதைச் செய்தாள். தான் படித்ததைப் பஸ்ஸில் கதையாகச் சொன்னாள். நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு டீச்சர் இல்லையா, நேரே விடைக்குப் போய்விடுவாள். கொலைகாரன் யார் என்பதை முதல் சிக்னல் தாண்டுவதற்குள் உடைத்துவிட்டு, அப்புறம் எப்படி என்று விளக்குவாள். கனகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். அதற்கும் அவளுக்கு நன்றிதான்.

அந்த நிலைமையில்தான் கொண்டாப்பூரிலிருந்து வந்த வர்ஷினி, கூட வேலை பார்க்கும் தினேஷின் ஈ-ரீடரைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள், எழுத்து பெரிசாயிற்று. இன்னும் அழுத்தினாள், இன்னும் பெரிசு. கனகவல்லி ஒரு வரி படித்தாள். நடுவில் எதுவும் கரையவில்லை. இன்னொரு வரி படித்தாள். அப்புறம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை.

வர்ஷினி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவசரமென்றால் தெலுங்குதான் வரும். “கொனெய் அம்மா” என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வாங்கிவிடு, யோசிக்காதே. தினேஷின் அண்ணன் மாசக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வருகிறான், கையோடு கொண்டுவருவான். பாலசுப்ரமணியன் அதற்குள் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவிட்டார்.

மூன்று கொட்டேஷன்: ஈ-ரீடர், டேப்லெட், பூதக்கண்ணாடி. அவர்கள் ஆபீஸ் விதிப்படி விலை குறைந்தவனுக்கே ஆர்டர். ஆகவே கோட்டிக் கடைத்தெருவிலிருந்து நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி வந்திறங்கியது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் எழுத்தெல்லாம் தவளை போலக் குதித்தன. மூன்றாம் நாள் கனகவல்லிக்குக் குமட்டல். ‘தொழில்நுட்ப ரீதியில் தகுதியில்லை’ என்று எழுதி அதைக் கழித்தார். டேப்லெட்டில் கண் கூசியது, விலையும் மூன்று மடங்கு. மிஞ்சியது ஒன்று. இனி அதன் நல்லது கெட்டதை அலச வேண்டுமாம்.

இரண்டு ஞாயிறு அலசினார்கள். எழுத்து பெரிசாகும், சாதகம். இருட்டில் தெரியாது, பாதகம். புத்தகமும்தான் தெரியாது என்று கனகவல்லி அதைக் குறிப்பில் எழுத வைத்தாள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, பெரிய பாதகம். பக்கங்களைப் படமாக்கி ஏற்றினால் தமிழும் வரும் என்று தினேஷ் வழி சொன்னதும் அது பாதி பாதகமாயிற்று. கீழே விழுந்தால் உடையும், பழைய புத்தகத்து வாசனை வராது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் தாங்கும். பதினேழு வரிசை நிரம்பியது. இப்படியே போனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான் என்று கனகவல்லி சொல்லிப் பார்த்தாள். அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

பதினோராவது வரிசையை மட்டும் அவள் தன் கையால் எழுதினாள். ‘இரவல் கொடுக்க முடியாது.’ பாதகம் என்ற கட்டத்தில் பெரிசாக ஒரு பெருக்கல் குறி.

அதைப் பார்த்து அவர் பென்சிலைக் கீழே வைத்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது ஊருக்கு இரவல் கொடுக்கவா என்று கேட்டார். ஊருக்கில்லை, ரோஸ்லினுக்கு என்றாள் இவள். இரண்டு வருஷம் தொண்டை வற்றக் கதை சொன்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வதா? அந்த ஒரு வரிசை மற்ற பதினாறையும் சாய்த்துவிடும் போல இருந்தது. ஒரு வாரம் வேண்டாம் என்றே இருந்தாள். கடைசியில் ரோஸ்லினே பஸ்ஸில் சத்தம் போட்டாள். எனக்காகவா இவ்வளவு யோசனை, உன் கண்ணை விடவா நான் பெரிசு என்றாள். கனகவல்லி அன்று சாயங்காலமே சரி சொன்னாள்.

பொருள் வந்த திங்கட்கிழமை அவள் விடியுமுன் எழுந்து இட்லிக்கு ஊற்றி, தலைக்குக் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். பாலசுப்ரமணியன் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டார். பஸ் ஏறியதும் பையிலிருந்து எடுத்தாள். முதல் பக்கமே பிணத்தோடு தொடங்கும் ஒரு இங்கிலீஷ் கதை. தார்நாக்கா தாண்டியது தெரியவில்லை, மலக்பேட்டை தாண்டியது தெரியவில்லை. இரண்டு வருஷத்துப் பசி. அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

பாதி வழியில் ஞாபகம் வந்து ரோஸ்லினிடம் நீட்டினாள். ரோஸ்லின் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

“நக்கோ கனகா. கை வழுக்கிச்சுன்னா? நீ படி.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளி ஸ்டாப்பில் இறங்கும்போது வழக்கமாகத் தட்டும் தோளைத் தட்டாமல் போனாள். கனகவல்லிக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் கேட் வந்துவிட்டது.

கேட்டில் எல்லாரும் இறங்கி, அட்டை காட்டி, பை திறந்து காட்டி உள்ளே போக வேண்டும். காவல் பெண் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். இது என்ன என்று இந்தியில் கேட்டாள். “கிதாப்” என்றாள் கனகவல்லி, பெருமையாக. புத்தகம். காவல் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விசிலடித்தாள்.

இங்கேதான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம். நினைவகம் உள்ள எந்த மின்னணுச் சாதனமும் கேட்டுக்குள் வரக்கூடாது என்ற சுற்றறிக்கையை வருஷா வருஷம் டைப் அடித்து, எழுத்துப்பிழை பார்த்து, நூற்றைம்பது பிரதி எடுத்து ஒட்ட அனுப்புகிறவள் சாட்சாத் கனகவல்லியேதான். செல்போனைக்கூட அவள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாள். வாங்கித் தந்தவரோ விதி பார்த்துச் சாமான் வாங்குவதையே பிழைப்பாகக் கொண்டவர். பதினேழு வரிசையில் பழைய புத்தகத்து வாசனைக்கு இடமிருந்தது, கேட்டுக்கு இல்லை. அவளைப் பொறுத்தவரை அது மின்னணுச் சாதனமே இல்லை. புத்தகத்தை யார் கேட்டில் பிடிப்பார்கள்?

பாதுகாப்பு அதிகாரி பக்தவத்சலம் சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். அவளை இருபது வருஷமாகத் தெரியும். பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மெமோ கொடுக்கவில்லை, சாயங்காலம் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

“நாளையிலிருந்து இது கேட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா. அந்தப் பக்கம் எங்க வேணா வச்சுக்கங்க, நான் கேக்க மாட்டேன்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. பஸ்ஸில் படிக்க முடியாவிட்டால் அவளுக்கு வேறு நேரம் ஏது? பத்து நிமிஷம் கிடைத்தால் துவைக்கத் துணி இருக்கும். அன்று முழுக்க அவள் அடித்த கடிதங்களில் வரிக்கு ஒரு பிழை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள். மூடும்போதுதான் அவர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. அந்தப் பக்கம் எங்கே வேண்டுமானாலும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், அப்புறம் பள்ளிக்கூடம்.

மூடிய டப்பாவைத் திறந்து ஆறிப்போன இட்லி நாலையும் தின்றாள்.

சாயங்காலம் பள்ளி ஸ்டாப்பில் ஏறிய ரோஸ்லினைக் கனகவல்லி உட்காரக்கூட விடவில்லை. நடந்ததைச் சொன்னாள். தினமும் காலையில் நீ இறங்கும்போது கொண்டு போ, சாயங்காலம் கொண்டு வா என்றாள். ரோஸ்லின் பயந்துவிட்டாள். விலை என்ன, ஸ்டாஃப் ரூமில் காணாமல் போனால் யார் பொறுப்பு, உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று அடுக்கினாள்.

“போனா போகட்டும்,” என்றாள் கனகவல்லி. “நீ வச்சுக்கலைன்னா அது என் பீரோவுலதான் கிடக்கும். சும்மா வச்சிருக்காத, நீயும் படி. எனக்குத் தனியாப் படிக்கப் பிடிக்கல ரோஸ்லின்.”

ரோஸ்லின் டிபன் பையிலிருந்து ஒரு பூப்போட்ட கைக்குட்டையை எடுத்து, ஈ-ரீடரைப் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. பள்ளி ஸ்டாப் வரும்போது கனகவல்லி தான் எத்தனை சதவீதத்தில் நிறுத்தினாள் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுவாள். எழுத்தெல்லாம் கரும்பலகை சைஸில் இருக்கிறது, பின் பெஞ்சிலிருந்தே படிக்கலாம் என்று ரோஸ்லின் குறைப்பட்டாள். குறைப்பட்டுக்கொண்டே இரண்டு ஃப்ரீ பீரியடில் நாற்பது சதவீதம் ஓடிவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏறியபோது உதட்டை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தாள்.

“முடிச்சிட்டேன்,” என்றாள். “யாருன்னு சொல்லட்டுமா?”

“நக்கோ,” என்றாள் கனகவல்லி, காதைப் பொத்திக்கொண்டு. “சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கனகவல்லி அறுபத்திரண்டு சதவீதத்தைத் தேடிப் பிடித்தாள். ரோஸ்லின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் இவள் முகம் எப்படி மாறுகிறது என்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஸ்டேட்மென்டை எடுத்தாள். பாலசுப்ரமணியன் ஏற்கெனவே பதினெட்டாவதாக ‘கேட்’ என்று சேர்த்து, பாதகத்தில் போட்டு, தன் தவறுக்குத் தானே ஒப்பமிட்டிருந்தார். அவள் அதைத் தொடவில்லை. பதினோராவது வரிசைக்குப் போய், இரவல் கொடுக்க முடியாது என்பதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இது இரண்டு தரப்பு விவகாரம், ஒரு ஒப்பம் செல்லாது என்றார். மறுநாள் அந்தத் தாள் நாலாக மடிந்து பஸ் ஏறியது. அதில் ரோஸ்லின், பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்பு மையில் போட்ட ஒப்பம் இன்னும் இருக்கிறது.