ஆண்டவர் எடுத்துப் போடாத பிள்ளை ரத்தம்

ஆண்டவர் பேரில் எல்லாருக்கும் என் அன்பு. போன வருஷம் எனக்காக அழுது ஜெபித்தீர்கள். இன்றைக்கு நீங்கள் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகுதான் என் மனைவி மேரி கர்ப்பமானாள். தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கத் தேத்தண்ணி கொடுத்துக் கொண்டாடினேன். பிறகு கிளினிக்கில் ரத்தம் சோதித்து, அவளுக்குத் தலசீமியா என்கிற ரத்தக் குறை இருக்கிறது என்றார்கள். அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகாதாம். ஆனால் எனக்கும் அதே குறை இருந்தால், பிள்ளைக்கு ஆயுசுக்கும் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாமாம். என் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் முடிவு கேட்க நான் மட்டும் போனேன். நர்ஸ் மிஸ்ஸி சிங்களவர். எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் சொன்னார்.

"மாத்தம் இருக்கி. புள்ள ரத்தம்."

ஈஸ்டர் முடிந்து டொக்டரைப் பார்க்க வரச் சொன்னார். பிள்ளைக்கு ரத்தம் கெட்டுவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். மஸ்கெலியா பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மேரி அழவில்லை. "கேட்டு வாங்குன புள்ள இது. குடுத்தவரு பாத்துக்குவாரு," என்றாள்.

அந்த வாரம் நம் ஜெப வீட்டில் நடந்தது உங்களுக்கே தெரியும். பிள்ளை ரத்தத்தை எடுத்துப் போடும் ஆண்டவரே என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீங்களும் ஆமென் போட்டீர்கள். பாஸ்டர் ஐயா மூன்று நாள் சாப்பிடவில்லை.

ஈஸ்டர் முடிந்து மேரியையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். நான் அழுததைப் பார்த்துப் பேனையைக் கீழே வைத்தார்.

"அது பிள்ளையின்ட ரத்தத்தைச் சொன்னதில்லை ஐயா. உங்கட ரத்தம்."

வயிற்றில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளின் ரத்தத்திலும் தனி வகை ஹீமோகுளோபின் ஓடுமாம். பிறந்து சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்குரிய வகை வந்துவிடுமாம். என் பரம்பரையில் மரபணு கொஞ்சம் மாறியிருப்பதால், நாற்பது வயதிலும் எனக்கு அது போகவில்லை. அதைத்தான் மிஸ்ஸி 'புள்ள ரத்தம்' என்றாராம். அதனால் கெடுதல் கிடையாது. மேரியின் குறையும் என் மாற்றமும் பிள்ளைக்குச் சேர்ந்தே வந்தாலும், அவள் குறையை இது ஈடுகட்டும். பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றத் தேவையிருக்காது என்றார். நான் மறுபடியும் அழுதேன். அது சந்தோஷ அழுகை.

மேரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவரு இன்னும் பச்சப்புள்ளதான்னு எனக்கு முன்னாடியே தெரியும் டொக்டர்," என்றாள்.

மகள் கிருபாவுக்கு இப்போது ஐந்து மாதம். யாருடைய ரத்தம் வந்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் சரியாகத் தெரியுமாம். எது வந்திருந்தாலும் எங்களுக்குப் பயமில்லை. நானும் இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் கேட்கிறேன்.

எடுத்துப் போடும் என்று நாம் கத்தினோமே, அந்த ரத்தத்தைத்தான் ஆண்டவர் என் மகளுக்காக நாற்பது வருஷமாக எனக்குள் விட்டு வைத்திருந்தார். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். பிழையாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். நாம் பேசுகிற தமிழ் அவருக்கு எப்படியும் விளங்கும்.